கச்சால் பார்சல்

ஷீலா நான்காவது முறையாக எண்ண ஆரம்பித்தபோது மணி பத்தரை. மொத்தமே ஆறு அட்டை மாத்திரை. ஆறை எண்ண எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு ஒவ்வொரு அட்டையையும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மருந்தின் பெயர், ஐந்நூறு என்ற அளவு, காலாவதித் தேதி மூன்றையும் உதடு அசையப் படித்து, சீட்டில் ஒரு டிக் போட்டு, எல்லாம் முடிந்ததும் மறுபடி முதல் அட்டைக்கே வர வேண்டும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெங்காலி அம்மாள் என்னைப் பார்த்து, "பாய் சாப், ஜல்தி கரோ நா" என்று அவசரப்படுத்தினாள். ஷீலாவிடம் சொல்லிப் பயனில்லை என்பது எங்கள் கடை இருக்கிற ஜங்லிகாட் முழுக்கத் தெரிந்த விஷயம்.

எங்களுடையது சின்ன மருந்துக்கடை. ஆனால் பாதி வியாபாரம் கவுண்டரில் நடப்பதில்லை. கச்சால், கமோர்ட்டா, கேம்பல் பே என்று தெற்கே இருக்கிற தீவுகளிலிருந்து ஆட்கள் மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் கட்டி வைப்போம். கப்பல் கிளம்புகிற அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போய், அந்தத் தீவுக்கு ஏறுகிறவர்களில் முகம் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துவிடுவோம். அவர் இறங்குகிற இடத்தில் உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. இங்கே எல்லாருக்கும் அப்படித்தான். மீன் வலை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து கடல் தாண்டும். முன்பெல்லாம் அப்ஸல்தான் இந்த வேலையைப் பார்த்தான். அப்ஸல் என் மனைவியின் தம்பி, முப்பது வயது, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். ஷீலா வந்த பிறகு, அவள் கட்டியதை அவளே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும் என்றாகிவிட்டது. அவன் ஸ்கூட்டர் ஓட்டுவான், அவள் பின்னால் பார்சலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போவாள்.

அவள் இப்படி ஆனதில் என் பங்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஷீலாவின் சொந்த ஊர் கச்சால். அவள் தாத்தா காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அரசாங்கம் கொண்டுவந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்திய குடும்பம். அப்பா அம்மா இருவரும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அந்தத் தோட்டத்து லயங்களிலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, மெயின்லேண்ட் போய் பார்மசி டிப்ளமோ முடித்த முதல் பெண் இவள்தான். என்னிடம் சேரும்போது இருபத்திரண்டு வயது, வாய் ஓயாது, கவுண்டரில் மூன்று மொழியில் சிரிப்பாள். இரண்டாவது மாதம் கேம்பல் பேயில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு ராணுவக்காரருக்குச் சர்க்கரை மாத்திரை ஐந்நூறுக்குப் பதிலாக ஆயிரம் போய்விட்டது. மனிதர் அட்டையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை. ஆனால் போனில் பத்து நிமிடம் என்னை வறுத்தெடுத்தார். அந்தச் சூட்டோடு நான் ஷீலாவைக் கவுண்டருக்கு வெளியே வரச்சொல்லி, வாங்க வந்தவர்கள் நடுவில் நிற்க வைத்தேன்.

"ஒரு உசுரு போயிருந்தா நீ திருப்பித் தருவியா? சொல்லு. தருவியா?"

நான் விடவில்லை, மூன்று முறை கேட்டேன். மறுநாள் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் அச்சடித்து, லாமினேட் செய்து, பலகையில் ஒட்டி, என் நாற்காலிக்கு மேலே சுவரில் மாட்டினேன். 'சந்தேகமா? பிரி. பார். பிறகு அனுப்பு.' கீழே இந்தியிலும். ஒரு வாரத்தில் எனக்கு அது மறந்துபோனது. சுவரில் காலண்டர் தொங்குகிற மாதிரி அதுவும் தொங்கியது.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் எங்கள் கடையிலிருந்து ஒரு மாத்திரை தப்பாகப் போகவில்லை. நான் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். மற்ற கடைக்காரர்களிடம், "நம்ம கடையில ஒரு புள்ள இருக்கு, கம்ப்யூட்டர் தோத்துரும்" என்பேன். அவள் காதில் விழும்படிதான் சொல்வேன். திட்டினால் பயப்படுகிற பெண் பாராட்டினால் சந்தோஷப்படுவாள் என்பது என் கணக்கு. பாராட்டினால் இன்னும் அதிகமாகப் பயந்தாள். தினம் நாற்பது பேரைக் கவனித்த கவுண்டரில் பன்னிரண்டு பேருக்குமேல் அவளால் முடியவில்லை. மீதியை அப்ஸலும் நானும் பார்த்தோம். கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தபடியே திரும்பிப் போகும். பொங்கலுக்கு ஊருக்குப் போகச் சொன்னால், "நான் இல்லாதப்ப யாராவது தப்பா எடுத்துக் குடுத்துட்டா என்னா பண்றது பாய்?" என்பாள். இரண்டரை வருடத்தில் ஒரு நாள்கூட லீவு எடுக்காத வேலையாள். எந்த முதலாளிக்குக் கசக்கும்?

போன வருடம் ஒரு நாள் ராத்திரி நான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கிறேன், மூச்சு வாங்க ஓடி வருகிறாள். பாம்பூஃப்ளாட்டில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறாள். ஆறு மணிக்குக் கிளம்பி, சாத்தாமில் ஃபெர்ரி ஏறி, அக்கரை போய், வீட்டுக்கும் போய்விட்டு, மறுபடி ஃபெர்ரி பிடித்து வந்திருக்கிறாள்.

"சோத்துல கைய வச்சேன் பாய். இன்சுலின் ஃப்ரிட்ஜ சாத்துன சத்தம் கேட்டுச்சான்னு ஞாபகம் வரல."

திறந்துவிட்டேன். ஃப்ரிட்ஜ் ஒழுங்காகத்தான் சாத்தியிருந்தது. அவள் கதவை அழுத்திப் பார்த்தாள், போனில் படம் எடுத்தாள்.

"சரி, இனிமே படத்தப் பாத்துக்கலாம்ல, ஓடி வர வேணாம்ல" என்றேன்.

"நேத்தும் எடுத்தேன் பாய். இது நேத்து எடுத்ததா இன்னிக்கு எடுத்ததான்னு சந்தேகம் வந்துருச்சு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ஒரு மாதம் அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கதையாகச் சொன்னேன். அவளும் கூடவே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்.

அன்றைக்குக் கட்டிய ஆறு அட்டை கச்சாலில் இருக்கிற ஐயாவு என்பவருக்கு. ஷீலாவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அதே லயத்தில் இருக்கிறவர். பால் வெட்டுகிறவர், ஐம்பது வயது, சின்ன வயதிலிருந்தே வலிப்பு. இரண்டு வருடம் முன்பு இங்கே பெரிய டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார். அந்த மாத்திரை அவருக்கு ஒத்துக்கொண்டது. அதிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. மாதா மாதம் அவர் மனைவி ரெங்கம்மா ஷீலாவுக்குப் போன் செய்வாள், நாங்கள் அனுப்புவோம். இந்த முறை, "அஞ்சு நாளைக்குத்தான் இருக்கு பாப்பா, மறந்துராத" என்று சொல்லியிருந்தாள். மறப்பதாவது! கச்சாலுக்கு அடுத்த கப்பல் பதினொரு நாள் கழித்துத்தான் என்பதும் ஷீலாவுக்குத் தெரியும்.

ஐந்தாவது முறையும் எண்ணி, மடித்து, படம் எடுத்து, குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டி, மார்க்கரில் பெயர் எழுதி, பதினொன்றுக்குக் கிளம்பினார்கள். பன்னிரண்டு மணிக்குக் கப்பல். பதினொன்றே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது.

"பாய், ஒச்சப்பன் தாத்தா கையில குடுத்துட்டேன். கண் ஆபரேஷன் முடிஞ்சு ஊருக்குப் போறாரு, அவருகிட்ட."

"ரொம்ப நல்லது. வா."

"இல்ல பாய்... போட்டோவுல ஒரு அட்டையோட ஓரம் வேற மாதிரி தெரியுது. இருநூறு மாத்திரைக்கு வருமே, அந்த மாதிரி ஒல்லியா."

"அஞ்சு தடவ எண்ணினியேம்மா."

"எண்ணினேன். பாத்தேனான்னுதான் தெரியல."

கவுண்டரில் கூட்டம். ஒருவர் காசநோய் மருந்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் குழந்தையின் காய்ச்சல் மருந்துக்கு அவசரப்படுத்தினார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தைதான். போகட்டும் விடு. அப்படியே ஒரு அட்டை தப்பாக இருந்தாலும் மீதி ஐந்து அட்டை இருபத்தைந்து நாளைக்கு வரும். அந்த ஒன்றைத் தூக்கிப் போடச்சொல்லி ரெங்கம்மாவுக்கு ஒரு போன் செய்தால் முடிந்தது. ஒரு குழந்தைக்குக்கூடப் புரிகிற கணக்கு. எனக்கு அது அன்று மாலைதான் புரிந்தது.

"சந்தேகம்னா பிரிச்சுப் பாத்துரும்மா" என்றேன். "நம்ம கடையிலேர்ந்து தப்பாப் போகக் கூடாது."

பிறகு நடந்ததை அப்ஸல் சொன்னான். ஒச்சப்பன் கப்பல் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டாராம். ஷீலா ஓடிப்போய் அவர் பையிலிருந்து பார்சலைத் திரும்ப வாங்கியிருக்கிறாள். கத்திரிக்கோல் இல்லை, பல்லால் டேப்பைக் கடித்து இழுத்திருக்கிறாள். அவள் ஒட்டுகிற டேப் அவ்வளவு சுலபத்தில் வராது. பிரித்து, தரையில் குந்தி, முதல் அட்டை, இரண்டாவது அட்டை என்று உதடு அசையப் படித்தாளாம். அப்ஸல், "எல்லாம் ஒண்ணுதான் ஷீலா, குடு, குடு" என்று கத்தியிருக்கிறான். அவள் காதில் விழவில்லை. ஆறும் முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஏணிக்காரன், "அரே மேடம், ஹட்டோ, ஹட்டோ" என்று விரட்டிவிட்டு ஏணியைத் தூக்கினான்.

ஒச்சப்பன் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பச்சைக் கண்ணாடியோடு, கையை நீட்டிக்கொண்டே நின்றாராம். "தூக்கிப் போடு பாப்பா! நான் பிடிச்சுக்கிறேன், போடு!" கப்பல் இன்னும் கட்டியிருந்த கயிற்றிலிருந்து விடுபடவில்லை. எறிந்திருந்தால் போய் விழுந்திருக்கும், அவர் பிடிக்காவிட்டால் பக்கத்தில் யாராவது பிடித்திருப்பார்கள். ஆனால் பார்சல் திறந்து கிடந்தது. ஒட்ட டேப் இல்லை. எறிந்தால் அட்டைகள் சிதறும், ஒன்று தண்ணீரில் விழலாம், எண்ணிக்கை குறையலாம். அதனால் அவள் எறியவில்லை. அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டே நின்றாளாம். அப்ஸல் பிடுங்கி எறியப் போனபோது கப்பலுக்கும் மேடைக்கும் நடுவில் தண்ணீர் அகலமாகிவிட்டது.

கடைக்கு வந்து பார்சலை என் மேஜையில் வைத்தாள். "எல்லாம் ஐந்நூறுதான் பாய். ஆறும் சரியா இருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. கமோர்ட்டாவில் தெரிந்தவர்களிடம் கேட்டேன், அந்த மாத்திரை அங்கே இல்லை. ஹெலிகாப்டரில் போகிற ஒரு டீச்சரைப் பிடித்தோம். மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் புயல் கொடி ஏற்றிவிட்டார்கள், ஹெலிகாப்டர் பறக்கவில்லை. தினமும் காலையில் அந்த டீச்சர் பார்சலோடு போய், மத்தியானம் பார்சலோடு திரும்பி வந்தாள். ஷீலா ரெங்கம்மாவுக்குப் போன் செய்தபடி இருந்தாள். ரெங்கம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். சரியா தப்பா என்று ஷீலாவைக் கேட்டிருக்கிறாள். ஷீலாவால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. போனைக் காதில் வைத்தபடி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள், அந்தப் பக்கம் லைன் கட்டாகும் வரை.

ஒன்பதாம் நாள் காலை ரெங்கம்மா எனக்கே போன் செய்தாள். முந்தின நாள் அவள் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். ஐயாவு டீ போடுகிறேன் என்று அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். வலது கை அடுப்புக்குள்.

"உசுருக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள். "கையிதான். விரலெல்லாம் ஒட்டிக்கிச்சு. இனிமே நிமுராதுன்னு டாக்டரு சொல்றாரு. கத்தி புடிக்கிற கையிங்க அது."

அவளே தொடர்ந்தாள்.

"யாரையும் குத்தம் சொல்லலீங்க பாய். ஒச்சப்பன் மாமா கையில குடுத்துட்டேன்னு பாப்பா அன்னைக்கே போன் பண்ணுச்சு. அப்பறம் ஏங்க திரும்ப வாங்குச்சு? கேட்டா பாப்பா சொல்ல மாட்டேங்குது."

ஷீலா என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில், ஒரு கிழவருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாவின் குரல் போனுக்கு வெளியே கேட்கிற குரல்.

"கையில குடுத்தத அந்தப் புள்ளயாத்தான் திரும்ப வாங்கிருச்சும்மா" என்றேன். "எத்தன தடவ சொல்லிருக்கேன், சும்மா சும்மா பிரிக்காதேன்னு. கேட்டாத்தானே."

என் வாயிலிருந்து இது வந்தது. யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் தடுமாறவும் இல்லை. என் தலைக்கு மேலே சுவரில் நான் மாட்டிய பலகை. ஷீலா நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள், ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். கிழவர் கையை நீட்டியபடி காத்திருந்தார்.

மறுநாள் வானம் வெளுத்தது. ஹெலிகாப்டர் பறந்தது. ஆறு அட்டையும், எல்லாம் ஐந்நூறு, ஒன்றுகூடக் குறையாமல் கச்சால் போய்ச் சேர்ந்தன.

ஷீலா மேலும் நான்கு நாள் வந்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை. போனை எடுக்கவில்லை. அன்று கடையைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை, நாற்காலியில் ஏறி அந்தப் பலகையைக் கழற்றியதுதான். அவள் திரும்பி வந்தால் அது கண்ணில் படக் கூடாதென்று. அவள் கண்ணிலா, என் கண்ணிலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சுவரில் அந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது, பலகை இருந்தபோது இருந்ததைவிட நன்றாகத் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பாம்பூஃப்ளாட்டுக்குப் போனேன். ஃபெர்ரியில் நின்றுகொண்டு சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிரிக்கச் சொன்னது நான்தான்மா, ரெங்கம்மாகிட்ட நானே போன் பண்ணிச் சொல்றேன். இவ்வளவுதான். இதைச் சொல்லப் பெரிய தைரியம் ஒன்றும் வேண்டாம். அவள் அக்கா கதவைத் திறந்தாள். "அரிசி களைய விட்டா மத்தியானம் ஆயிருது பாய்" என்று மெதுவாகச் சொன்னாள். "ஒவ்வொண்ணாப் பாக்குறா. குளிக்கப் போனா ஒரு மணி நேரம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவரு குடுத்த மாத்திரைய விழுங்க மாட்டேங்குறா. அதுதானான்னு சந்தேகமாம்."

ஷீலா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், வேலையில் எழுவது போலவே. மெலிந்துபோயிருந்தாள். விரல் வெடிப்புகளில் மஞ்சள் பூசியிருந்தது. நான் ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க சொன்னீங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்லல பாய்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் கொடுப்பது போலச் சொன்னாள். கடையில் ஏதாவது மருந்து கீழே விழுந்து உடைந்தால், நான் கேட்பதற்குமுன் அவள் சொல்கிற அதே குரல்.

"சரிம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஐம்பத்தாறு வயதில் கடல் தாண்டிப் போய், ஒரு சரிம்மா சொல்லிவிட்டு, அவள் அக்கா போட்ட டீயைக் குடித்துவிட்டு, நாலரை ஃபெர்ரியில் திரும்பி வந்தேன். ரெங்கம்மாவுக்கு இன்றுவரை போன் செய்யவில்லை. நாளைக்குச் செய்யலாம் என்று தினமும் நினைக்கிறேன்.

இன்றைக்குக் கச்சால் கப்பல். ஐயாவுக்கு அடுத்த மாத மாத்திரை போக வேண்டும். அப்ஸல் கட்டுகிறேன் என்றான், நான் விடவில்லை. ஆறு அட்டை எடுத்தேன். பெயர், ஐந்நூறு, தேதி. கட்டி, டேப் ஒட்டி, மார்க்கரில் பெயர் எழுதினேன். ஷீலாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாத கையெழுத்து. அப்ஸல் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, பார்சலை வாங்கிக் கால் நடுவில் வைத்துக்கொண்டான்.

"மச்சான், பன்னண்டுக்கு ஏணியத் தூக்கிருவான். போயிட்டு வந்துர்றேன்."

வண்டியைக் கிளப்பினான். நாலாவது அட்டையின் தேதியைப் படித்தேனா? மூன்றாவதைப் படித்தது ஞாபகம் இருந்தது, ஐந்தாவது ஞாபகம் இருந்தது. நடுவில் யாரோ குளுக்கோஸ் கேட்டார்கள்.

"நில்லு" என்றேன்.

அப்ஸல் திரும்பிப் பார்த்தான். நான் கடைப் படியிறங்கி அவனுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினேன். துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பலின் முதல் சங்கு கேட்டது. அவன் வண்டியை அணைக்கவில்லை, பார்சலைக் கொடுக்கவுமில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.